புத்தகத்தோடு வளர்வோம் - 4: நரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை

சிறு குழந்தைக்கான நல்ல படப் புத்தகத்தில் எழுத்தும் படமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 'பூனை பால் குடிக்கிறது' என்று எழுதி, பூனை பால் குடிப்பதையே வரைந்தும் வைத்தால் குழந்தைக்குக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? பெரியவர் படிக்கிறார், குழந்தை பார்க்கிறது. எழுத்து சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லும்போதுதான் குழந்தைக்கும் கதையில் பங்கு கிடைக்கிறது.

பிரிட்டிஷ் ஓவியர் பாட் ஹட்சின்ஸ் 1968-ல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்' இதற்கு அருமையான சான்று. மொத்தமே 32 ஆங்கிலச் சொற்கள், ஒரே வாக்கியம். ரோஸி என்ற கோழி முற்றம், குளம், வைக்கோல் குவியல், மாவு மில், வேலி, தேனீப் பெட்டிகள் எனச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூடு திரும்புகிறது. எழுத்தில் இவ்வளவுதான். படத்திலோ கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி! முதல் பாய்ச்சலில் கீழே கிடக்கும் வைக்கோல் வாரியை மிதிக்க, அதன் கம்பு எழும்பி முகத்தில் அறைகிறது. அடுத்து குளத்தில் விழுகிறது. மூட்டை மாவு தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. கோழி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நரி பாய்ந்த பிறகு என்ன ஆனது என்பது பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் எழுத்தே கிடையாது. அங்கே பெரியவர் அவசரப்படாமல் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். கதையைச் சொல்வது இனி குழந்தையின் பொறுப்பு.

எந்த வயதுக்கு எந்தப் புத்தகம்? ஒரு வயது நிரம்பாத குழந்தை புத்தகத்தை முதலில் கடித்துத்தான் பார்க்கும். அதற்குக் கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படம் போதும்.

இரண்டு, மூன்று வயதுக்கு எரிக் கார்ல் 1969-ல் படைத்த 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' பொருந்தும். திங்கள் முதல் வெள்ளி வரை புழு தின்னும் பழம் நாளுக்கு ஒன்றாகக் கூட, பக்கத்தின் அகலமும் கூடுகிறது. புழு தின்ற இடத்தில் நிஜமான ஓட்டை. பிஞ்சு விரல் அதற்குள் நுழையும். கிழமையும் எண்ணும் விளையாட்டோடு மனதில் பதிகின்றன.

நான்கு வயதில் கொஞ்சம் பயமும் வேண்டும். மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' 1963-ல் வந்தபோது பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே அதற்குப் படப் புத்தக ஓவியத்துக்கான கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. சிறுவன் மேக்ஸின் கற்பனை வளர வளர ஓவியமும் பெரிதாகி, பூதங்களோடு ஆடும் இடத்தில் எழுத்தைப் பக்கத்தை விட்டே வெளியேற்றிவிடுகிறது.

இவை ஆங்கிலத்தில் இருப்பது தடையல்ல. படத்தைப் பார்த்து வீட்டுப் பேச்சில் கதை சொன்னால் போதும். படிக்கும்போது "இது என்ன?" என்பதோடு நிறுத்தாமல், "இப்போ என்ன ஆகும்?" என்று கேட்பது நல்லது. பதில் வரும்வரை பக்கத்தைப் புரட்டக் கூடாது. அதே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்டாலும் சலிக்காமல் படிக்க வேண்டும். முதல் தடவை நரியை மட்டும் பார்த்த கண்கள், அடுத்தடுத்த தடவைகளில் மூலையில் இருக்கும் தவளையையும் கண்டுபிடிக்கும்.

தமிழிலேயே வேண்டுவோருக்குச் சென்னையின் துலிகா பதிப்பகம் 1996 முதல் படப் புத்தகங்கள் வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி, அச்சிட்டும் கொள்ளலாம். கைபேசித் திரையில் காட்டுவதைவிட அச்சிட்டு மடியில் வைத்துப் படிப்பதே மேல்.