பிரசவத்துக்குப் பிறகு இரண்டு நாள்: அமெரிக்கத் தாய்மார்கள் கேட்டு வாங்கியது



"என் தங்கச்சி மக அமெரிக்காவுல இருக்கா. போன வாரம்தான் பிள்ளை பெத்தா. ரெண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்! அவ்வளவு பெரிய நாட்டுல இது என்னக்கா அநியாயம்?"

குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஊக்குநரிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டு நாளே அங்கு சும்மா கிடைக்கவில்லை. தாய்மார்களும் டாக்டர்களும் சேர்ந்து குரல் கொடுத்து, சட்டம் போட வைத்து வாங்கிய இரண்டு நாள் அது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்வோமா?

நாள் குறைந்தது எப்படி?

1970-இல் அமெரிக்காவில் சுகப்பிரசவம் ஆன தாய், சராசரியாக 4 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். 1992-இல் அது 2 நாளாகக் குறைந்தது. அதற்குப் பிறகு பல இடங்களில் 24 மணி நேரம், சில இடங்களில் அதைவிடக் குறைவு என்று ஆகிவிட்டது.

காரணம் பணம்தான். அந்த ஊரில் ஆஸ்பத்திரிச் செலவு மிக அதிகம். பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் பில் கட்டும். "ஒரு நாளுக்கு மேல் தங்கினால் நாங்கள் பணம் தர மாட்டோம்" என்று பல கம்பெனிகள் சொல்ல ஆரம்பித்தன. கையிலிருந்து கட்ட வசதி இல்லாத தாய் என்ன செய்வாள்? தையல் வலியோடு, பால் கொடுக்கவும் சரியாகப் பழகாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த நாட்டில் காரை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போகும் கடைகள் உண்டு. அந்தக் கடையின் பெயரையே இதற்கும் வைத்தார்கள்: "டிரைவ் த்ரூ டெலிவரி". கேலிப் பெயர்தான். ஆனால் அதற்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது பாருங்கள்!

அவசரப்பட்டால் என்ன ஆபத்து?

பிரசவம் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. தாய்க்கு அதிக ரத்தப்போக்கு வந்தால், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் வரும். ரத்த அழுத்தம் பிரசவத்துக்கு மூணு நாலு நாள் கழித்தும் ஏறலாம்.

குழந்தைக்கோ, மஞ்சள் காமாலை மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அதிகமாகும். மிகவும் அதிகமானால் மூளையைப் பாதிக்கும். சில பிறவி இருதயக் கோளாறுகள் முதல் நாள் வெளியே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் குழந்தை நீலம் பாயும், மூச்சு வாங்கும். பால் சரியாக இறங்காவிட்டால் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிப்போகும். இதையெல்லாம் பழகிய கண் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

சட்டம் வந்தது

தாய்மார்கள் பேச ஆரம்பித்தார்கள். குழந்தை மருத்துவர்களும் மகப்பேறு மருத்துவர்களும் துணை நின்றார்கள். குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரும் மன்றத்தின் முன் வந்து, நடந்ததைச் சொன்னார்கள். 1995-இல் மேரிலாந்து, நியூஜெர்சி மாநிலங்கள் சட்டம் இயற்றின. எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த பில் பிராட்லி, நான்சி கேசபாம் என்ற இரண்டு செனட்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து நாடு முழுவதற்குமான மசோதாவைக் கொண்டுவந்தார்கள். 1996 செப்டம்பர் 26 அன்று அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் சொல்வது இதுதான்:

* பிரசவத்துக்கு இன்சூரன்ஸ் தரும் கம்பெனி, சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரத்துக்கும், சிசேரியன் என்றால் 96 மணி நேரத்துக்கும் குறைவாகத் தங்கும் காலத்தைச் சுருக்கக் கூடாது.
* ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனால், குழந்தை பிறந்த நேரத்திலிருந்து கணக்கு. ஞாயிறு இரவு சேர்ந்து, திங்கள் காலை 6 மணிக்குப் பிள்ளை பிறந்தால், புதன் காலை 6 மணி வரை.
* தாயைக் கலந்து பேசி டாக்டர் முடிவு செய்தால் முன்னதாகப் போகலாம். ஆனால் "சீக்கிரம் போனால் காசு தருகிறோம்" என்று கம்பெனி ஆசை காட்டக் கூடாது. தங்க வைத்த டாக்டரைத் தண்டிக்கவும் கூடாது.

மற்ற நாடுகளில்?

ஜப்பானில் சுகப்பிரசவத்துக்கே சுமார் 5 நாள் தங்க வைப்பார்கள். பால் கொடுக்க, குளிப்பாட்ட எல்லாம் அங்கேயே கற்றுத் தருவார்கள். இங்கிலாந்தில் சிக்கல் எதுவும் இல்லை என்றால் ஒரே நாளில் அனுப்பிவிடுவதும் உண்டு. ஆனால் செவிலியர் வீடு தேடி வந்து பார்ப்பார். நெதர்லாந்தில் சில மணி நேரத்திலேயே வீட்டுக்குப் போகும் தாய்மார்கள் நிறைய. அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் சுமார் ஒரு வாரம் தினமும் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் கவனிப்பார்.

ஆக, எத்தனை நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். முதல் வாரத்தில் தெரிந்தவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எந்த ஊரிலும் மாறாது. நம் உறுப்பினரின் தங்கை மகளும் வீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு நாளில் குழந்தையை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். போனில் பேசும்போது இதை மறக்காமல் கேளுங்கள்.

நாம் என்ன செய்கிறோம்?

நம் நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் ஆனாலும் 48 மணி நேரமாவது தங்க வேண்டும். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் மருந்து, சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள் வரை, சிசேரியனுக்கு 7 நாள் வரை.

இங்கே நம்மைத் துரத்துவது இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. "வீட்டுல மாட்டைப் பாக்க ஆள் இல்ல", "மூத்தது அழுவுது", "அவருக்குச் சோறு யாரு பொங்குறது" என்ற கவலைதான். மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

இதை நம் குழுவால் தீர்க்க முடியாதா? ஒருவர் மாட்டைப் பார்க்கட்டும். ஒருவர் மூத்த பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும். அங்கே சட்டம் கொடுத்த இரண்டு நாளை இங்கே குழு காப்பாற்றிக் கொடுக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்:

* தாய்க்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைவது, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல்.
* குழந்தைக்கு: பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், நீலம் பாய்தல், வேகமான மூச்சு, சிறுநீர் குறைவது, உடம்பு சில்லிடுவது அல்லது சுடுவது.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் இப்போது மாசமாக இருப்பவர் யார்? அவர் ஆஸ்பத்திரியில் தங்கும் இரண்டு நாளும் அவர் வீட்டை யார் பார்த்துக்கொள்வது? பேசி முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்!