மருந்துக் கடையில் ஃபாக்னர்

கடைவீதியில் ஒரு புத்தகக் கடை – 14

1962 ஜூலை 7, சனிக்கிழமை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரின் கடைவீதி. வில்லியம் ஃபாக்னரின் நினைவாக இன்று பகல் 2 மணி முதல் 2.15 வரை கடை மூடியிருக்கும் என்று அச்சடித்த துண்டுத்தாள்கள் கடைக் கதவுகளில் ஒட்டப்பட்டிருந்தன. முந்தைய நாள்தான் ஃபாக்னர் காலமானார். நோபல் பரிசு பெற்றவருக்கு அவர் வளர்ந்த மண் கொடுத்தது கால் மணி நேரம்தானா என்று கேட்கத் தோன்றும். அதற்கு முந்தைய முப்பது நாற்பது ஆண்டுகள் ஊருக்கும் அவருக்கும் இருந்த உறவு தெரிந்தால், அந்தக் கால் மணி நேரமே பெரிதுதான் என்று தோன்றிவிடும்.

இளவயதில் ஃபாக்னருக்கு ஊர் வைத்த பட்டப்பெயருக்கு ‘ஒன்றுக்கும் உதவாத கோமான்’ என்று பொருள். ஊரில் இருந்த பல்கலைக்கழகத்தின் தபால் நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. தபாலைப் பிரிக்காமல் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார் என்று புகார்கள் குவிந்து, 1924-இல் அந்த வேலையும் போயிற்று. 1931-இல் ‘சாங்ச்சுவரி’ வெளிவந்தபோது, ஊரின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டார் என்று பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். பிரான்ஸில் சார்த்தர் அவரைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சொந்த ஊரில் அவரைப் படித்தவர்கள் சொற்பம். 1940-களின் நடுவில் அவருடைய நாவல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலேயே அச்சில் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு சதுக்கத்தில் ஃபாக்னரின் புத்தகம் வேண்டுமென்றால் மருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும். காத்ரைட்-ரீட் மருந்துக் கடை. அதன் உரிமையாளர்களில் ஒருவரான மேக் ரீட், இருமல் மருந்தும் தைலமும் விற்ற இடத்தில் ஃபாக்னரின் நாவல்களையும் வாங்கி வைத்து விற்றார். எழுதி முடித்த கையெழுத்துப் பிரதியை நியூயார்க்குக்கு அனுப்ப ஃபாக்னர் எடுத்துக்கொண்டு வந்தால், மருந்துப் பொட்டலம் கட்டிப் பழகிய அந்தக் கைகளே அதையும் கட்டிக் கொடுத்தன. கடையில் வாடகைக்குத் துப்பறியும் நாவல்களும் கிடைத்தன. ஃபாக்னர் அவற்றை வாங்கிக்கொண்டு போய்ப் படிப்பார். இலக்கிய வரலாறுகளில் மேக் ரீடுக்கு அடிக்குறிப்பில்தான் இடம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் அவருக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாம்.

ஃபாக்னரே புத்தகம் விற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. 1921-இல் கொஞ்ச காலம் நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடையில் விற்பனையாளராக இருந்தார். அந்தக் கடையை நடத்திய எலிசபெத் பிரால் பின்னாளில் எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சனை மணந்தார். அந்தப் பழக்கத்தால் நியூ ஆர்லியன்ஸில் ஃபாக்னர் ஆண்டர்சன் வீட்டுக்குப் போனார். உனக்குத் தெரிந்தது உன் மிசிசிப்பி மூலையின் ஒரு துண்டு நிலம்தான், அதை எழுது என்று ஆண்டர்சன் சொல்ல, அதிலிருந்துதான் யோக்னபடாஃபா என்ற கற்பனை மாவட்டமே முளைத்தது. ஒரு புத்தகக் கடையில் ஏற்பட்ட அறிமுகம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஆனால் அப்படியொரு கடை அவருடைய சொந்த ஊர்ச் சதுக்கத்தில் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் ரிச்சர்ட் ஹோவர்த், லிசா ஹோவர்த் தம்பதி. ரிச்சர்ட் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர். கடை தொடங்குவதற்கு முன்னால் இருவரும் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் சாவில் என்ற புத்தகக் கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துத் தொழில் கற்றார்கள். 1979 செப்டம்பரில் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் ‘ஸ்கொயர் புக்ஸ்’ திறந்தது. ஏழ்மையில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் மாநிலம். பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று யாரும் கணக்குப் போட்டிருப்பார்கள். ஏழு ஆண்டுகள் மாடியில் தாக்குப்பிடித்து, 1986-இல் சதுக்கத்தின் மூலையில் இருந்த பழைய பிளேலாக் மருந்துக் கடைக் கட்டடத்துக்குக் கடை மாறியது. ஃபாக்னரின் புத்தகம் வாங்க மருந்துக் கடைக்குப் போன ஊரில், வேறொரு மருந்துக் கடையே புத்தகக் கடையானது. மாடியில் காப்பிக் கடை, அதையொட்டி சதுக்கத்தைப் பார்த்த பால்கனி, சுவரெல்லாம் வந்துபோன எழுத்தாளர்களின் படங்கள்.

தொழில் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடை செய்த காரியம் புரியாது. அமெரிக்காவில் விற்காத பிரதிகளைக் கடைக்காரர் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வந்த ஏற்பாடு இது. கடைக்காரருக்குத் துணிச்சலாகக் கொள்முதல் செய்ய இது உதவும், உண்மைதான். ஆனால் அறிமுக எழுத்தாளரை முதலில் கொல்வதும் இதே ஏற்பாடுதான். பெரிய சங்கிலிக் கடைகளில் சில மாதம் ஓடாத புத்தகம் பெட்டியில் ஏறிக் கிடங்குக்குத் திரும்பிவிடும். அந்தப் பெயரை மறுபடி யாரும் தட்டில் பார்க்கப் போவதில்லை. உள்ளூர் எழுத்தாளரின் புத்தகத்தைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்து, வருகிறவர் கையில் கொடுத்து, “இதைப் படித்துப் பாருங்கள், நம் ஊர்க்காரர் எழுதியது” என்று சொல்ல ஒரு கடைக்காரர் வேண்டும். அந்த இடத்தில்தான் தனிக் கடையின் உயிர் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் இணையத்தில் இதைவிட மலிவாக வாங்கிவிடலாம்.

இப்போது அந்த ஊர் எழுத்தாளர் லாரி பிரவுனுக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1973-இல் சேர்ந்தவர். பள்ளி இறுதி ஆண்டில் ஆங்கிலத்தில் தோற்றவர். கடற்படைத் துருப்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, தீயணைப்பு வேலை இல்லாத நாட்களில் கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்து குடும்பம் நடத்தியவர். 1980-இல், இருபத்தொன்பதாவது வயதில், எழுத்தாளராக வேண்டும் என்று ஒரு தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். முதல் நாவல் ஆளைத் தின்னும் கரடியைப் பற்றியது, அது அச்சேறவில்லை. அதன்பின் எழுதிய நாவல்களும் பல கதைகளும் அப்படியே திரும்பி வந்தன. 1982-இல் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் எல்லன் டக்ளஸ் நடத்திய வகுப்பில் சேர்ந்தார். படிக்க வேண்டியவர்களைத் தேடித் தேடிப் படித்தார். ஃபிளானரி ஓ’கானர், ரேமண்ட் கார்வர், கார்மக் மெக்கார்த்தி அவருக்கு மிகவும் பிடித்தவர்கள். ஃபாக்னருக்குக் கிடைக்காத ஒன்று பிரவுனுக்குக் கிடைத்தது. அவர் ஊர்ச் சதுக்கத்தில், வேலை முடிந்து போகும் வழியில், இந்தப் புத்தகங்கள் தட்டில் இருந்தன. விற்றவர்கள் அவற்றைப் படித்தவர்கள். பாரி ஹான்னா போன்ற பெரிய எழுத்தாளரையே அந்தத் தெருவில் எதிரே பார்க்க முடிந்தது.

1988-இல் பிரவுனின் முதல் சிறுகதைத் தொகுப்பு ‘ஃபேசிங் தி மியூசிக்’ வந்தது. அடுத்த ஆண்டு ‘டர்ட்டி வொர்க்’ நாவல். 1990 ஜனவரியில் தீயணைப்பு வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். அந்த வேலையைப் பற்றி அவர் எழுதிய ‘ஆன் ஃபயர்’ 1994-இல் வந்தது; இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் அவரை அங்கிருந்து தொடங்கலாம் என்பேன். எரியும் வீட்டுக்குள் நுழையும் மனிதனின் பயத்தை, உள்ளே நுழைந்தவரே எழுதினால் எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். 2004 நவம்பரில், ஐம்பத்து மூன்றாவது வயதில், மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. முடிக்காமல் விட்ட கடைசி நாவல் 2007-இல் அப்படியே முடிவில்லாமல் வெளியானது.

நல்ல கடை ஒன்று இருந்தால் எழுத்தாளர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 1980-இல் வில்லி மோரிஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். யாசூ சிட்டியில் வளர்ந்த மிசிசிப்பிக்காரர். நியூயார்க்கில் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். வில்லியம் ஸ்டைரன் போன்ற தன் நண்பர்களை ஊருக்கு வரவழைத்தார். கிரெனேடா என்ற பக்கத்து ஊரிலிருந்து படிக்க வந்திருந்த மாணவி ஒருத்தியின் கதையைப் படித்துவிட்டு, தேடிப்போய்ப் பாராட்டியவரும் அவர்தான். அந்த மாணவி, பின்னாளில் நாவலாசிரியரான டோனா டார்ட். பல்கலைக்கழகம் இருந்தது, மோரிஸ் இருந்தார், ஹான்னா இருந்தார். வந்தவர்களும் இருந்தவர்களும் ஊர் மக்களும் ஒரே அறையில் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கடை அதைக் கொடுத்தது. மெம்ஃபிஸ் நகரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, அங்கிருந்து தெற்கே போனால் ஜாக்சன். எழுத்தாளரைச் சுற்றுப்பயணம் அனுப்பும் நியூயார்க் பதிப்பகங்களுக்கு அந்த வழி மெதுவாகப் பழகியது. ஜான் கிரிஷாமின் முதல் நாவல் 1989-இல் 5,000 பிரதிகள் அச்சாகி, அதில் 1,000 பிரதிகளை அவரே வாங்கிக் கார் டிக்கியில் வைத்து ஊர் ஊராக விற்றார். அப்போது கதவைத் திறந்தவை இந்த வட்டாரத்தின் சில தனிக் கடைகள்தான். கோடிகள் விற்கத் தொடங்கிய பிறகும் அவர் அந்தக் கடைகளை மறக்கவில்லை.

1993-இல் சதுக்கத்தில் சில கடைகள் தள்ளி ‘ஆஃப் ஸ்கொயர் புக்ஸ்’ என்று இரண்டாவது கடை வந்தது. 2003-இல் குழந்தைகளுக்கென்று தனியாக ஒன்று. ஆஃப் ஸ்கொயர் கடையில்தான் ‘தாக்கர் மவுண்டன் ரேடியோ’ வளர்ந்தது. தாக்கர் மவுண்டன் என்பது ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குன்றின் பெயர். 1997-இல் தொடங்கிய இந்த வானொலி நிகழ்ச்சி, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வியாழக்கிழமை மாலைகளில் நடக்கும். அலமாரிகளை ஒதுக்கி நாற்காலி போடுவார்கள். ஒரு எழுத்தாளர் தன் புதுப் புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார். அடுத்து ஒரு பாட்டுக்குழு. மறுபடி வாசிப்பு, மறுபடி பாட்டு. அனுமதி இலவசம். பேராசிரியரும் வருவார், பாட்டுக்காக மட்டும் வந்த கல்லூரிப் பையனும் வருவான். வாசகர் வட்டம் என்றால் ஏற்கெனவே படித்தவர்கள் கூடிப் பேசுவது என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். படிக்காதவரும் கூச்சப்படாமல் உட்காரக்கூடிய வட்டம் இது. பாட்டுக்காக வந்தவன் ஒரு நாவலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் அந்த வாரம் வெற்றிதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. தன் மண்ணின் எழுத்தாளர்கள் என்று ஊர் பெருமைப்படும்போது, யாருடைய மண் என்ற கேள்வி மிசிசிப்பியில் எப்போதும் கூடவே வரும். ஃபாக்னர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1962 செப்டம்பர் 30 இரவு, ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் பல்கலைக்கழகத்தில் சேரக்கூடாது என்று அதே ஊரில் கலவரம் வெடித்து இருவர் உயிரிழந்தார்கள். மிசிசிப்பியின் இன்னொரு மகா எழுத்தாளரான, கறுப்பினத்தவரான ரிச்சர்ட் ரைட், இளைஞனாக மெம்ஃபிஸில் இருந்தபோது நூலகத்தில் புத்தகம் எடுக்கவே வெள்ளைக்காரர் ஒருவரின் அட்டையை இரவல் வாங்கி, அவர் எழுதியதுபோல் தானே ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஃபாக்னரின் பக்கத்தில் ரைட்டையும், வெள்ளையரான யூடோரா வெல்ட்டியின் பக்கத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜெஸ்மின் வார்டையும் வைப்பதுதான் அந்த மாநிலத்தில் ஒரு கடைக்காரர் ‘நம் எழுத்தாளர்கள்’ என்று சொல்வதற்கான தகுதி. 1993 முதல் பல்கலைக்கழகத்தோடு கடையும் சேர்ந்து நடத்தும் ஆக்ஸ்ஃபோர்டு புத்தக மாநாட்டில் இந்தப் பேச்சு வெளிப்படையாகவே நடக்கிறது. பேசித் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சதுக்கத்தில் நீதிமன்றத்துக்கு முன்னால் உள்நாட்டுப் போரின் தென்படை வீரன் சிலை இன்னும் நிற்கிறது.

ரிச்சர்ட் ஹோவர்த் 1990-களின் கடைசியில் அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத் தலைவராக இருந்தார். பதிப்பகங்களிடம் ரகசியச் சலுகை பெறுகின்றன என்று சங்கிலிக் கடைகள் மீது சங்கம் வழக்கு நடத்திய காலம் அது. 2001-இலிருந்து 2009 வரை ஆக்ஸ்ஃபோர்டின் மேயராகவும் இருந்தார். ‘ஒன்றுக்கும் உதவாத கோமான்’ என்று எழுத்தாளரைக் கேலி செய்த ஊர், புத்தகக் கடைக்காரரை இரண்டு முறை மேயராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 2013-இல் ‘பப்ளிஷர்ஸ் வீக்லி’ இதழ் அந்தக் கடையை ஆண்டின் சிறந்த புத்தகக் கடையாகத் தேர்ந்தெடுத்தது. லிசா ஹோவர்த்தும் 2014-இல் ஒரு நாவல் வெளியிட்டார்.

எனக்கு ஒரு கவலை உண்டு. ஊருக்குப் பேர் வந்ததும் வீட்டு விலையும் ஏறிவிட்டது. மிசிசிப்பியிலேயே விலை மிகுந்த ஊர்களில் ஆக்ஸ்ஃபோர்டும் ஒன்று. இன்றைக்கு ஒரு தீயணைப்பு வீரர் தன் சம்பளத்தில் அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து, பத்தாண்டுகள் தோற்றுத் தோற்று எழுதிப் பழக முடியுமா? கடையால் மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு சின்னப் பதிலைக் கிரிஷாம் தம்பதி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த பணத்தில் 1993 முதல் ஆண்டுதோறும் ஒரு இளம் எழுத்தாளர் ஆக்ஸ்ஃபோர்டில் வீடும் உதவித்தொகையும் பெற்றுத் தங்கி எழுதுகிறார். 2010–11-இல் அப்படித் தங்கியவர் ஜெஸ்மின் வார்ட், மிசிசிப்பியின் கடலோரக் கிராமமான டிலைலில் வளர்ந்தவர். 2011-இல் அவருடைய ‘சால்வேஜ் தி போன்ஸ்’ நாவலுக்குத் தேசியப் புத்தக விருது கிடைத்தது.

அடுத்த வாரம் தெற்கே ஜாக்சனுக்குப் போவோம். அங்கே 1975-இல் ஜான் எவன்ஸ் தொடங்கிய கடையின் பெயர் லெமூரியா.

(தொடரும்)