ஒரு தேக்கரண்டிக்குள் ஓர் ஏக்கர்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல். தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேலென்று தேரி மணல். இரண்டுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. தேரியில் பெய்த தண்ணீர் குடையை மடக்குவதற்குள் காணாமல் போய்விடும். கரிசலில் பெய்ததோ மாசி வரை மண்ணுக்குள் தங்கி, அதற்குப் பிறகு ஒரு மழைகூட இல்லாவிட்டாலும் பருத்தியையும் கொத்தமல்லியையும் கரைசேர்க்கும்.

இரண்டு மண்ணிலும் அதிகம் இருப்பவை ஆக்சிஜனும் சிலிக்கனும்தான். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு வேறுபாடு? விடை மண்ணின் வேதியியலில் பாதிதான் கிடைக்கும். மீதியைத் துகளின் அளவிலும், அதன் வடிவத்திலும், துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியிலும் தேட வேண்டும்.

இடைவெளியிலிருந்தே தொடங்கலாம். மண்ணில் உள்ள கனிமத் துகள்களை மட்டும் காற்றுப் புகாமல் ஒரு லிட்டர் பாத்திரத்தில் அடைக்க முடிந்தால் எடை ஏறக்குறைய 2.65 கிலோ வரும். நல்ல வயல் மண்ணை அது இருக்கும் நிலையிலேயே ஒரு லிட்டர் வெட்டியெடுத்து, உலர்த்தி நிறுத்தால் 1.3 கிலோதான் இருக்கும். அப்படியானால் நாம் மிதித்து நடக்கும் தரையில் சரிபாதி வெற்றிடம்! வேர் மூச்சு விடுவதும், தண்ணீர் தங்குவதும், புழுவும் பூஞ்சையும் குடியிருப்பதும் அந்தப் பாதியில்தான். இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த எடைக்குப் ‘பரும அடர்த்தி’ என்று பெயர். ஒரு மண்ணைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

அடுத்தது துகளின் அளவு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கைப்பிடி மண்ணும் தண்ணீரும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் நுண்மணல், 10 சென்டிமீட்டர் இறங்க முக்கால் நிமிடம் எடுக்கும். 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு அதே தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 8 மணி நேரம் வேண்டும். அதைவிடச் சிறியவற்றை ‘களி’ என்கிறோம். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பர்க் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த எல்லை இது. மணல், வண்டல், களி மூன்றும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே ‘மண் நயம்’. உரம் போட்டாலும் உழுதாலும் நம் ஆயுளுக்குள் நயம் மாறுவதில்லை. மண்ணின் பிறவிக் குணம் அது.

துகள் சிறுத்தால் என்ன ஆகும்? பரப்பு பெருகும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் மணல் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அதன் பருக்கைகளின் மேற்பரப்பையெல்லாம் விரித்து வைத்தால் ஒரு சதுர அடியைக் கொஞ்சம் தாண்டும். கரிசலின் களிக்குத் தனிக்குணம் தரும் கனிமம் மான்ட்மோரில்லோனைட். அதைத் தூய நிலையில் 5 கிராம் எடுத்து விரித்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் வரும். ஒட்டுவது, ஈர்ப்பது, பிடித்து வைப்பது எல்லாம் மேற்பரப்பில் நடக்கும் காரியங்கள். கரிசலின் குணங்கள் அத்தனையும் இந்த ஓர் ஏக்கரிலிருந்தே கிளைக்கின்றன.

இவ்வளவு பரப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? இந்தக் கனிமம் ஏடு ஏடாக அமைந்தது. ஓர் ஏட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏடுகளில் எதிர்மின்னூட்டம் எஞ்சியிருக்கும். அதைச் சமன்செய்ய கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் ஏடுகளுக்கு நடுவே வந்து உட்காரும். அயனிகள் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் உள்ளே நுழைந்து ஏடுகளை விலக்கும், மண் ஊதும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் ஏடுகள் மறுபடி நெருங்கும், மண் சுருங்கும். செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட்டும் ஏடுகளால் ஆனதுதான். ஆனால் அங்கே ஏடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் நடுவே தண்ணீர் நுழைய வழியில்லை. அதனால்தான் செம்மண் கரிசலைப் போல ஊதுவதில்லை.

கரிசல் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அதில் மட்கு நிறைந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் இருக்கும் கரிமச் சத்து நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அந்தச் சிறிதளவு மட்கும் களியோடு பின்னிக் கிடப்பதால்தான் நிறம் இவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது.

சித்திரை, வைகாசியில் கரிசல் காட்டில் நடப்பவர்கள் கால் வைக்கும் இடம் பார்த்து நடப்பார்கள். நிலம் பாளம் பாளமாக வெடித்து, விரல் நுழையும் அகலத்துக்கும் மேலே வாய் பிளந்திருக்கும். முழ ஆழம் சாதாரணம். ஒரு மீட்டரைத் தொடும் வெடிப்புகளும் உண்டு. பார்க்கப் பாழ்நிலம் போலத் தெரியும் இந்தக் காட்சிதான் கரிசலின் பெரிய சாமர்த்தியம் என்பேன். களிமண்ணுக்குள் தண்ணீர் இறங்கும் வேகம் மிகக் குறைவு, மணிக்குச் சில மில்லிமீட்டர்தான். வெடிப்பு மட்டும் இல்லையென்றால் முதல் மழையில் பெரும்பங்கு ஓடையோடு போய்விடும். வெடிப்பு இருப்பதால் தண்ணீர் மேல்மண்ணைத் தாண்டி நேராக ஆழத்துக்கு இறங்குகிறது. நனைந்த மண் ஊதி, வந்த வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. உள்ளே போனது சுலபத்தில் வெளியே வராது.

வெடிப்புக்குள் மேல்மண்ணும் சரிந்து விழுகிறது. பிறகு மழையில் மண் ஊதும்போது இடம் போதாமல் பக்கவாட்டில் நெருக்கி, ஆழத்து மண்ணை மேலே தள்ளுகிறது. குழி வெட்டிப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து வழுக்கிய மண்கட்டிகளின் முகங்கள் மெருகேற்றியதுபோலப் பளபளக்கும். கலப்பை எட்டாத ஆழத்தில் கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்கிறது.

இந்த நெருக்கல் வீடு கட்டுபவர்களுக்குத் தொல்லை. மழையில் அஸ்திவாரம் எழும்பும், கோடையில் இறங்கும், சுவர் விரியும். இதற்கு ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அழகான தீர்வை உருவாக்கியது: அடிப்பக்கம் குமிழாக விரிந்த கான்கிரீட் தூண். குமிழின் விட்டம் பொதுவாகத் தண்டைப் போல இரண்டரை மடங்கு. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில், ஏறக்குறைய மூன்றரை மீட்டரில், குமிழ் ஊன்றிக்கொள்ளும். மேலே மண் எவ்வளவு ஆடினாலும் வீடு கீழே நங்கூரமிட்டு நிற்கும்.

இனி, உள்ளே போன தண்ணீரைப் பிடித்து வைப்பது யார்? இடைவெளியின் குறுகல்தான். ஒரு மில்லிமீட்டர் துளை தண்ணீரை 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் தாங்கும். 0.003 மில்லிமீட்டர் துளை 10 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். தேரியின் துளைகள் பெரியவை, புவியீர்ப்பு அவற்றை எளிதில் வடித்துவிடும். அப்படி வடிந்தது வீணாவதில்லை. நிலத்தடியில் சேர்ந்து, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் சுனையாக வெளிப்படுகிறது. கரிசலிலோ வேர் உறிஞ்சக்கூடிய தண்ணீர் மட்டும் மேல் ஒரு மீட்டரில் 200 மில்லிமீட்டர் அளவுக்குத் தங்கும். ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் 8 லட்சம் லிட்டர்.

ஆனால் கரிசல் கொடையாளி மட்டும் இல்லை, பிடிவாதக்காரியும்கூட. மண் காயக் காய, எஞ்சிய ஈரம் மேலும் மேலும் குறுகிய துளைகளுக்குள் ஒடுங்கும். வேர் இழுக்க வேண்டிய விசையும் கூடிக்கொண்டே போகும். அது 15 வளிமண்டல அழுத்தத்தைத் தொடும்போது பெரும்பாலான பயிர்கள் தோற்று வாடிவிடும். 150 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுப்பதற்குச் சமமான விசை இது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ‘வாடல் நிலை’யிலும் கரிசலுக்குள் ஏராளமான ஈரம் இருக்கும். ஆனால் ஒரு சொட்டுகூட வேருக்குக் கிடைக்காது. அதனால்தான் வறண்ட கரிசலில் சிறுதூறல் விழுந்தால் பயனில்லை, அதை மண்ணே வைத்துக்கொள்ளும். அதே தூறலில் மணல் நிலத்துச் செடி தளிர்த்துவிடும்.

கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரி விவசாயிகள் இந்தக் குணத்தையே மழைமானி ஆக்கியிருக்கிறார்கள். மழை பெய்தபின் கரிசலுக்குள் காலும் வைக்க முடியாது, கலப்பையும் ஓட்ட முடியாது. ஆகவே பருவமழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிறார்கள், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழத்தில். தூறலின் ஈரம் அவ்வளவு ஆழம் எட்டாது, விதை தூங்கும். பயிரைத் தாங்கும் அளவுக்கு நிஜமான மழை பெய்தால்தான் அந்த ஆழம் நனையும், விதை முளைக்கும். எத்தனை நுட்பமான கணக்கு!

நயத்தை மாற்ற முடியாது. ஆனால் துகள்கள் கூடி மணிமணியாக நிற்கும் ‘மண் கட்டமைப்பு’ நம் கையில் இருக்கிறது. கெடுப்பதும் நம் கைதான். மட்கும் பூஞ்சை இழைகளும் கால்சியமும் துகள்களைச் சேர்த்து வைக்கும், சோடியம் கலைத்துவிடும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வது சோடியத்தின் இடத்தில் கால்சியத்தை உட்கார வைக்கத்தான். ஈரம் காயாத மண்ணில் டிராக்டரை இறக்கினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள், அதாவது காற்றும் வேரும் போகும் பாதைகள். மண்ணின் எதிர்ப்பு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அளவை எட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் மேற்கொண்டு இறங்காது. கலப்பை தொடும் ஆழத்துக்குக் கீழே இப்படி இறுகிப்போன தட்டை உடைக்கத்தான் உளிக்கலப்பை.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைச் சொல்கிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. எல்லாம் தேவையானவைதான். ஆனால் மண்ணில் பாதியாக இருக்கும் அந்த இடைவெளியைப் பற்றி அட்டையில் ஒரு எண்கூட இல்லை. பரும அடர்த்தியை அளக்க ஒரு குழாய்த் துண்டும் தராசும் உலர்த்தும் அடுப்பும் போதும். அதையும் அட்டையில் சேர்க்க வேண்டும் என்பது என் வலுவான எண்ணம்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆண்டுக்கணக்காகப் புல் படர்ந்த வரப்பிலிருந்து ஒரு கட்டி, நடு வயலிலிருந்து ஒரு கட்டி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் நிரப்பி, டம்ளருக்கு ஒரு கட்டியாக மெதுவாக இறக்கி, ஐந்து நிமிடம் பாருங்கள். எது முதலில் கரைந்து சேறாகிறதோ, அந்த மண்ணில்தான் அடுத்த மழைக்குள் தொழுவுரமும் பயிர்த்தட்டையும் போய்ச் சேர வேண்டும்.