எலியைக் கொல்லாமல் கட்டியைப் பார்க்க முடியுமா?

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பகுதிகளிலிருந்து ரயிலேறி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளிலும் உண்டு. அங்கே ஏற்றப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை முதலில் ஆய்வகத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டவை. வாயில்லா ஜீவனை இப்படிச் செய்வது மார்க்கத்தில் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆய்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

உடலுக்குள் வளரும் கட்டியின் அளவை அறிய, முன்பு எலியைக் கொன்று அறுத்துப் பார்ப்பதே வழக்கம். வாரம் 6 எலிகள் வீதம் 5 வாரம் பார்த்தால் 30 எலிகள் போய்விடும். இப்போது அதே 6 எலிகளைக் கடைசிவரை பார்க்கலாம். இதற்கு உதவியது மின்மினிப்பூச்சி!

மின்மினியை ஒளிரச் செய்வது லூசிஃபெரேஸ் என்ற நொதி. அதற்கான மரபணுவை 1985-இல் பிரித்தெடுத்தார்கள். அதைப் புற்றுச் செல்களில் சேர்த்து எலிக்குள் செலுத்துகிறார்கள். பிறகு லூசிஃபெரின் என்ற பொருளை ஊசியாகப் போட்டால், உயிருள்ள புற்றுச் செல்கள் மட்டும் மெல்ல ஒளிர்கின்றன. எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, கடுங்குளிரில் இயங்கும் கேமராவால் அந்த ஒளியை அளக்கிறார்கள். படங்களில் நாம் காணும் சிவப்பும் நீலமும் கணினி பூசிய நிறங்களே. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டில் நவி மும்பை கார்கரில் உள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆய்வகத்தில் இம்முறை பயன்பாட்டில் உள்ளது.

குறைகளும் உண்டு. ஒளி சில சென்டிமீட்டர் சதையைத் தாண்டுவதற்குள் மங்கிவிடுவதால் மனிதர்களிடம் இது பயன்படாது. பெரிய கட்டியின் நடுவில் ஆக்ஸிஜன் குறைந்தால் ஒளியும் குறையும். மருந்து வேலை செய்கிறது என்று தவறாக நினைக்க இடமுண்டு.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்குவதையும் தடுத்தார்கள். மனித உயிர் காக்கும் தேவை இருந்து, வேதனையைக் குறைத்து, வீணாகக் கொல்லாமல் செய்தால் கூடும் என்பதே சமகால ஆலிம்கள் பலரின் கருத்து. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் சோதனைகளில் தேவையற்ற வலியைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இம்முறை எலிகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்கிறது. அந்த 6 எலிகளும் ஆய்வு முடிந்ததும் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன.