ஃபர்னஸ் ஃபில்டர்: தரத்துக்கு முன்னால் அளவைப் பாருங்கள்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் முழுக்க ஜன்னல்கள் அடைத்தே இருக்கின்றன. வீட்டுக் காற்றை ஃபர்னஸ் இழுத்து, சூடாக்கி, மறுபடி அறைகளுக்கு அனுப்புகிறது. அந்தக் காற்று இயந்திரத்துக்குள் நுழையும் வாயில் அட்டைச் சட்டம் போட்ட ஃபில்டர் ஒன்று நிற்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். கடைக்குப் போனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட தர எண்ணைப் பார்த்து, எண் கூடியதை வாங்கிவிடுகிறார்கள். தர எண் தேவைதான். ஆனால் சட்டம் தன் இடத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த எண்ணுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீணாகிறது.

தர எண் எதை அளக்கிறது?

ஃபில்டர்களைத் தரம் பிரிக்கப் பரவலாகப் பயன்படுவது மெர்வ் அளவுகோல். மெர்வ் 8 ஃபில்டர் மகரந்தம், வீட்டுத் தூசி போன்ற பெரிய துகள்களை நன்றாகவே பிடிக்கும். நுண்துகள்களில் அது பலவீனமானது. 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ள துகள்களில் மெர்வ் 11 குறைந்தது 65 சதவீதத்தையும், மெர்வ் 13 குறைந்தது 85 சதவீதத்தையும் பிடிக்க வேண்டும். 1 மைக்ரானுக்கும் குறைவான துகள்களில் மெர்வ் 13 பாதியையாவது பிடிக்கும். காட்டுத்தீப் புகையில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகைதான். 2023 ஜூனில் டொராண்டோவையும் நியூயார்க்கையும் புகை மூடியபோது மெர்வ் 13 என்ற சொல் பல வீடுகளுக்குள் நுழைந்தது அதனால்தான். இத்தகைய துகள்கள் நுரையீரலின் அடியாழம் வரை செல்பவை. ஆஸ்துமாவையும் இதய நோயையும் மோசமாக்குபவை. வெளிக்காற்றின் துகள் மாசைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் சேர்த்தது. ஆகவே நல்ல தரத்தைத் தேடுவதில் தவறில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இந்த எண்கள் ஆய்வுக்கூடத்தில், விளிம்புகளை இறுக அடைத்து, காற்று முழுவதையும் ஃபில்டருக்குள்ளேயே செலுத்தி எடுத்தவை. உங்கள் வீட்டு ஃபர்னஸில் அந்த இறுக்கம் இருக்கிறதா என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

இடுக்கு செய்யும் வேலை

அடர்த்தியான ஃபில்டர் காற்றைத் தடுக்கிறது. தடையில்லாத வழி பக்கத்திலேயே இருந்தால் காற்று அங்கே பாயும். 16க்கு 25 அங்குல ஃபில்டரின் நீண்ட பக்கத்தில் அரை அங்குல இடுக்கு இருப்பதாகக் கொள்வோம். பரப்பில் அது 3 சதவீதம்தான். ஆனால் வழக்கமான அழுத்த வேறுபாட்டில் அந்த இடுக்கில் காற்று ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் செல்லும் என்பதால், மொத்தக் காற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கு வடிகட்டப்படாமலே போய்விடும். 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ள துகள்களில், மெர்வ் 13 ஃபில்டரில் நூறுக்குப் பதினைந்து தப்பிய இடத்தில் இப்போது 23 அல்லது 24 தப்பும்.

இது சிறிய இடுக்கின் கணக்கு. 16 அங்குல இடத்தில், கடையில் கிடைத்தது என்று 14 அங்குல ஃபில்டரைச் செருகினால் நிலைமை வேறு. காற்றில் மூன்றில் ஒரு பங்காவது பக்கவாட்டில் போகும். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட துகள்கள் தப்பும். சரியாகப் பொருந்திய மெர்வ் 11 ஃபில்டரில் தப்புவது 35தான். விலை குறைந்தது, எண்ணில் தாழ்ந்தது, ஆனால் பொருந்தியது: அதுவே இங்கே மேல். இன்னொன்றும் உண்டு. ஃபில்டரில் தூசி சேரச் சேர அதன் தடை கூடுகிறது, இடுக்கின் தடை கூடுவதில்லை. எனவே மாதங்கள் போகப் போகத் தப்பும் காற்றின் பங்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

பெட்டியில் போட்ட அளவும் உண்மை அளவும்

குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. பெட்டியில் 16x25x1 என்று பெரிதாகப் போட்டிருப்பது முழு எண்ணாக்கிய பெயரளவு. உண்மை அளவு ஒவ்வொரு பக்கமும் கால் அல்லது அரை அங்குலம் குறைவாக இருக்கும். தடிமன் பெரும்பாலும் முக்கால் அங்குலம். இது ஏமாற்று அல்ல, சட்டம் எளிதாக உள்ளே போவதற்கான இடம். அந்தச் சிறு குறைவை ஃபர்னஸின் உலோக விளிம்பு மறைத்துவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால் உண்மை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. 4, 5 அங்குலத் தடிமன் உள்ளவற்றில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். அதனால் பெயரளவை மட்டும் பார்க்காமல், சிறிய எழுத்தில் இருக்கும் உண்மை அளவைப் படியுங்கள்.

பழைய ஃபில்டரில் உள்ள அளவை அப்படியே எழுதிக்கொண்டு போவது பலரின் வழக்கம். முன்பு அந்த வீட்டில் இருந்தவர் தவறான அளவைப் போட்டிருந்தால் அந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் தொடரும். ஃபர்னஸை நிறுத்திவிட்டு, ஃபில்டர் செருகும் இடத்தின் அகலம், ஆழம், தடிமன் மூன்றையும் டேப்பால் நீங்களே அளப்பது நல்லது. இயந்திரத்தின் மாடல் எண் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். அதைக் கொண்டும் தயாரிப்பாளர் சொல்லும் அளவைச் சரிபார்க்கலாம். போட்ட பிறகும் சோதனை உண்டு. மின்விசிறி ஓடும்போது விசில் சத்தம் கேட்டாலோ, அடுத்த முறை கழற்றும்போது சட்டத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத் தூசிக் கோடு இருந்தாலோ, காற்று அந்த வழியே போகிறது என்று பொருள். சின்ன இடுக்குக்கு ஃபோம் நாடா போதும். ஃபில்டர் செருகும் வாய்க்கு மூடி இல்லாவிட்டால் அதையும் அடைக்க வேண்டும். இல்லையெனில் பேஸ்மென்டில் வைத்திருக்கும் பெயின்டின் வாசனை வரை வீடெங்கும் பரவும்.

எழும் மறுப்புகள்

ஃபர்னஸ் ஃபில்டர் இயந்திரத்தைக் காக்கத்தான், மனிதருக்காக அல்ல என்பார்கள். தொடக்கத்தில் அதன் நோக்கம் அதுதான். ஆனால் வீட்டுக் காற்று முழுவதும் மறுபடி மறுபடி கடக்கும் இடத்தில் அது இருக்கிறது. அந்த வாய்ப்பை விடுவானேன்? தெர்மோஸ்டாட்டில் விசிறியை மட்டும் தனியே ஓடவிட்டால் சூடு தேவையில்லாத புகை நாட்களிலும் அது வேலை செய்யும். படுக்கையறைக்குத் தனிக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் போதாதா என்றும் கேட்கலாம். அந்த ஓர் அறைக்கு அது மிக நல்லது. மற்ற அறைகளுக்கு உதவாது. இத்தகைய சுத்திகரிப்பானை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழியாக 2020இல் பரவிய கார்ஸி-ரோசன்தால் பெட்டியிலும் இடுக்கு அடைப்பதே முதன்மை: நான்கு ஃபில்டர்களும் விசிறியும் சேரும் மூட்டுகளை நாடாவால் ஒட்டுவதுதான் வேலையின் முக்கியப் பகுதி.

மிக உயர்ந்த தரம் பழைய ஃபர்னஸை மூச்சுத் திணற வைக்கும் என்ற கவலை மட்டும் முழுக்க நியாயமானது. ஒரு அங்குலச் சட்டத்தில் அடர்த்தியான ஃபில்டர் போட்டால் காற்றோட்டம் குறைந்து, ஃபர்னஸ் சூடு மீறித் தானாகவே நிற்கலாம். கோடையில் ஏசியின் குளிர்ச்சுருளில் பனி உறையலாம். 4 அல்லது 5 அங்குலச் சட்டத்தில் மடிப்புகளின் பரப்பு அதிகம் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. அதற்கு இடமில்லாத வீட்டில் மெர்வ் 8 அல்லது 11 போட்டு, நன்றாக இறுக்கி, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றினால் போதும். புகைக் காலத்தில் இன்னும் சீக்கிரம்.

ஃபில்டரால் முடியாததும் உண்டு. கார்பன் மோனாக்சைடு வாயு, அதற்குத் தனி அலாரம் வேண்டும். தாளிப்பின் புகைக்கு வெளியேற்றும் விசிறி வேண்டும்; சாம்பிராணி போடும் வீடுகளில் அதன் துகள்களில் ஒரு பகுதியைத்தான் ஃபில்டர் பிடிக்கும்.

வாடகைக்கு இருப்பவர்கள்

டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலும் பிராம்டனிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கின்றன. மேல்மாடியும் கீழ்மாடியும் ஒரே ஃபர்னஸின் காற்றைச் சுவாசிக்கும்போது, ஃபில்டரை மாற்றுவது யார் பொறுப்பு என்ற கேள்வியிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. குழந்தைக்கு இழுப்பு இருக்கும் வீட்டில் இப்படிக் காத்திருக்கக் கூடாது. அளந்த மூன்று எண்களையும், ஃபில்டரின் உண்மை அளவையும், கடைசியாக மாற்றிய தேதியையும் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஃபர்னஸின் பக்கத்திலும் அதையே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை கடைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் சரியான ஃபில்டரோடு திரும்பட்டும்.