கன்றின் வயிறும் பூஞ்சைத் தொட்டியும்

பாலைத் திரிக்க நம் வீடுகளில் எலுமிச்சைச் சாறு போதும். பன்னீர் அப்படித்தான் கிடைக்கிறது. செடார் போன்ற சீஸ் வகைகளுக்குப் புளிப்பு மட்டும் போதாது. 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் சூடாக்கிய பாலில் ரென்னட் என்ற உறைபொருளைச் சிறிதளவு கலந்து, அசைக்காமல் வைத்துவிடுவார்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பால் முழுவதும் ஒரே கட்டியாக உறைந்து நிற்கும். சீஸ் செய்பவர் அதில் கத்தியைச் செருகி மெல்லத் தூக்கிப் பார்ப்பார். பிளவு ஓரம் சிதையாமல் நேராக விழுந்து, இடுக்கில் தெளிந்த நீர் ஊறினால் வெட்டும் பக்குவம் வந்துவிட்டது என்று பொருள்.

ரென்னட்டில் இந்த வேலையைச் செய்வது கைமோசின் என்ற நொதி. பாலில் கேசீன் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கப்பா கேசீன் இழைகள்தான் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைக்கின்றன. அந்தப் புரதச் சங்கிலியின் 105, 106ஆவது அமினோ அமிலங்களுக்கு நடுவே கைமோசின் வெட்டுகிறது. இழை அறுந்ததும் கால்சியத்தின் துணையோடு உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. பால்குடி மறக்காத கன்றின் நான்காவது இரைப்பையில் இந்த நொதி சுரக்கிறது. உறைந்த பால் வயிற்றில் தங்கி நிதானமாகச் செரிக்கும். இயற்கை செய்த ஏற்பாடு அது.

ஆக, ரென்னட் வேண்டுமென்றால் அறுக்கப்பட்ட கன்றின் இரைப்பை வேண்டும். டென்மார்க்கின் கிறிஸ்டியன் ஹான்சன் 1874இல் அதைத் தரப்படுத்தி விற்கத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சீஸ் தின்பது பெருகியது. கன்று இறைச்சி உண்பது குறைந்தது. ரென்னட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. பூஞ்சைகளிலிருந்து மாற்று நொதிகளை எடுத்தார்கள். அவை கப்பா கேசீனோடு நிற்காமல் மற்ற புரதங்களையும் ஆங்காங்கே வெட்டியதால், மாதக்கணக்கில் பதப்படுத்தும் சீஸில் கசப்பு தட்டியது.

இந்தச் சிக்கலைத் தீர்த்த பொருளை இன்றைய செயற்கை உயிரியலின் முன்னோடி எனலாம். கன்றின் கைமோசினுக்கான மரபணுக் குறிப்பை 1980களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் நகலெடுத்து நுண்ணுயிரிகளுக்குள் வைத்தார்கள். ஃபைசர் நிறுவனம் ஈ.கோலை பாக்டீரியாவைப் பயன்படுத்தியது. வேறு நிறுவனங்கள் ஈஸ்டையும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையையும் தேர்ந்தெடுத்தன. 1990 மார்ச்சில் ஃபைசரின் கைமோசினுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. மரபணு மாற்றிய உயிரியிலிருந்து எடுத்த உணவுப் பொருளுக்கு அந்த அமைப்பு தந்த முதல் அனுமதி அதுதான்.

அந்த அனுமதிக்கு முன் நடந்த பரிசோதனை கவனிக்கத்தக்கது. நுண்ணுயிரி தந்த கைமோசினும் கன்றின் கைமோசினும் அமைப்பிலும் செயலிலும் ஒன்றா? பயன்படுத்திய பாக்டீரியா வகை நோய் உண்டாக்குமா, மனிதக் குடலில் குடியேறுமா? ஆய்வகத்தில் அடையாளத்துக்காகச் சேர்த்திருந்த, ஆண்டிபயாட்டிக் மருந்தை எதிர்க்கும் மரபணு இறுதிப் பொருளில் மிஞ்சுகிறதா? ஒவ்வொன்றுக்கும் விடை தேடினார்கள். உற்பத்தியின்போது சேர்க்கும் அமிலமே பாக்டீரியாவைக் கொன்று அதன் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தயாராகும் சீஸில் பெரும்பங்கு இத்தகைய கைமோசினால்தான் உறைகிறது. கன்றைக் கொல்ல வேண்டியதில்லை என்பதால் பிரிட்டனின் சைவ உணவாளர் சங்கமும் இதை ஏற்றது.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க சீஸ் பாக்கெட்டில் இது வெறுமனே 'நொதிகள்' என்றுதான் இருக்கும். கைமோசின் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதற்கு, உண்பவர்களில் மிகப் பலருக்கு அது தெரியவே இல்லை என்பதும் ஒரு காரணம். பொருள் நல்லது, மௌனம் நல்லதல்ல.

அதே பால் தொழிலில் அடுத்து வந்த பொருளின் கதை வேறு. பசுவின் பிட்யூட்டரி சுரப்பியில் உருவாகும் வளர்ச்சி ஹார்மோனான பி.எஸ்.டி. பால் சுரப்பைக் கூட்டும். அதை பாக்டீரியாவில் உருவாக்கி, 'போசிலாக்' என்ற பெயரில் மான்சாண்டோ கொண்டுவந்தது. 14 நாளுக்கு ஒருமுறை ஊசி. 10 முதல் 15 சதவீதம் கூடுதல் பால். 1993 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அந்தப் பாலைக் குடிப்பவருக்கு ஆபத்தில்லை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் முடிவு. கனடாவின் நிபுணர் குழுவும் மனிதருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்தைக் காணவில்லை.

பசுவுக்கு? கனடாவின் கால்நடை நிபுணர்கள் கணக்கிட்டபோது, மடிநோய் அபாயம் சுமார் 25 சதவீதமும், சினை பிடிக்காமல் போவது 18 சதவீதமும், கால் ஊனம் 50 சதவீதம் வரையும் கூடுவதாகத் தெரிந்தது. 1999 ஜனவரியில் கனடா அனுமதி மறுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தது. மடி வீங்கி, தொட்டாலே உதைக்கும் மாட்டைக் கறந்தவர்களுக்கு அந்த 25 சதவீதம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊசி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1986-87இல், பால் மிதமிஞ்சிப் போனது என்று அமெரிக்க அரசு பண்ணையாளர்களுக்குப் பணம் கொடுத்து மாட்டு மந்தைகளையே வெட்டுக்கு அனுப்ப வைத்தது. அவர்கள் ஐந்தாண்டுகள் பால் தொழிலுக்குத் திரும்பக் கூடாது என்பது நிபந்தனை. பால் உபரியாக இருந்த நாட்டில் பாலைப் பெருக்கும் ஊசியை விற்றிருக்கிறார்கள். குடிப்பவருக்கு அதில் எந்த லாபமும் இல்லை. சிறு பண்ணையாளருக்கோ விலை வீழ்ச்சி என்ற பயம். 'எங்கள் விவசாயிகள் செயற்கை வளர்ச்சி ஹார்மோன் பயன்படுத்துவதில்லை' என்று பாக்கெட்டில் அச்சிட்ட ஓக்ஹர்ஸ்ட் என்ற மெய்ன் மாநிலப் பால் நிறுவனத்தின் மீது 2003இல் மான்சாண்டோ வழக்கே தொடுத்தது. தெரிந்துகொள்ள விரும்பிய மக்களின் சந்தேகம் அதனால் வலுத்ததே தவிரத் தணியவில்லை. 2008இல் பெரிய கடைகள் ஊசி போட்ட மாட்டின் பாலைக் கைவிட்டன. மான்சாண்டோவும் அந்தத் தொழிலை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு விலகியது.

இரண்டும் மரபணுப் பொறியியல், இரண்டிலும் நுண்ணுயிரி. ஒன்று நிலைத்தது, மற்றது நொடித்தது. ஆய்வகத்தின் திறமையில் குறைவில்லை. இந்தப் பொருள் யாருடைய சிக்கலைத் தீர்க்கிறது, யார் தலையில் சுமையை ஏற்றுகிறது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்காமல் விட்டதுதான் போசிலாக்கின் பிழை என்பேன்.

இப்போது மூன்றாவது அலை வந்திருக்கிறது. பெருமாள் காந்தியும் ரயன் பாண்ட்யாவும் 2014இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான பெர்ஃபெக்ட் டே, பசு இல்லாமலே பால் புரதம் தயாரிக்கிறது. பாலின் மோரில், அதாவது உறைந்த பாலிலிருந்து பிரியும் நீரில், மிகுதியாக உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் அந்தப் புரதம். அதற்கான மரபணு டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையில் வைக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகளை அரித்துத் தின்றது இதே பூஞ்சைதான். எஃகுத் தொட்டியில் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சை, புரதத்தைத் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தில் சுரக்கும். பூஞ்சையை வடிகட்டி நீக்கிவிட்டுப் புரதத்தைப் பொடியாக்குகிறார்கள். இதன் பாதுகாப்பு குறித்து நிறுவனம் தந்த விளக்கத்தின் மேல் தனக்குக் கேள்வி இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் கடிதம் கொடுத்தது. 2023இல் ரெமில்க் என்ற நிறுவனத்தின் இதே வகைப் புரதத்தை இஸ்ரேல் அனுமதித்தது.

பசு இல்லை என்பதால் ஒவ்வாமையும் இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. பீட்டா லாக்டோகுளோபுலின் தாய்ப்பாலில் இல்லாத புரதம். பசும்பால் ஒவ்வாமையை உண்டாக்கும் முக்கியப் புரதங்களில் ஒன்று. பூஞ்சை தந்தாலும் புரதம் அதேதான். 'விலங்கு இல்லாதது' என்ற வரியைப் பார்த்து, பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தாய் அந்த ஐஸ்கிரீமை வாங்கிக் கொடுத்தால் விபரீதமாகும். 'பால் புரதம் உள்ளது' என்ற எச்சரிக்கையும் அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

பசுங்குடில் வாயு 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று நிறுவனத்தின் சார்பில் செய்த ஆய்வு சொல்கிறது. குறையலாம். ஆனால் அந்தப் பூஞ்சைக்குப் போடும் சர்க்கரை எந்த நிலத்தில், எவ்வளவு தண்ணீரில் விளைந்தது, தொட்டியை இயக்கும் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். நிறுவனத்தைச் சாராதவர்கள் அதை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் இன்னும் கனமானவை. 2023-24இல் நாம் உற்பத்தி செய்த பால் சுமார் 23.9 கோடி டன், உலகில் முதலிடம். எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட விவசாயிகள் இதில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் ஓரிரு மாடுகளை வைத்திருப்பவர்கள். மழை பொய்த்த ஆண்டிலும் சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு வரும் பணம்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகிறது. மலிவான தொட்டிப் புரதம் பெருமளவில் வந்தால் முதலில் அடி வாங்குவது இவர்கள்தான். அதற்காகக் கதவை மூடச் சொல்லவில்லை. கன்றைக் காத்த கைமோசினைப் போல, இந்த அறிவியலால் நமக்கும் நன்மை வரும் என்று நம்புகிறேன்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பொருளுக்கு அனுமதி கோரி விண்ணப்பம் வரும்போது, பாதுகாப்பு ஆய்வின் முழுத் தரவையும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சுருக்கத்தோடு பொதுவில் வையுங்கள். எந்த உயிரியில் தயாரானது, எந்த ஒவ்வாமைப் புரதம் உள்ளது என்பதை லேபிளில் கட்டாயமாக்குங்கள். முடிவெடுக்கும் மேசையில் விஞ்ஞானிக்கும் நிறுவனத்துக்கும் பக்கத்தில், கிராமப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் தினமும் பால் ஊற்றும் பெண் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.