ஐந்தாம் தலைமுறை வலையமைப்பும் வர்த்தக நிறுவனங்களின் பாதுகாப்பும்

ஒரு வர்த்தக நிலையத்தின் கதவுக்குப் பூட்டுப் போடுபவர் அதன் உரிமையாளர். ஆனால், அந்நிலையத்தின் பணமும் கணக்கும் கொள்வனவுக் கட்டளைகளும் பயணிக்கின்ற கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் பூட்டு அவர் கையில் இல்லை. ஐந்தாம் தலைமுறை வலையமைப்புகள் பரவிவருகின்ற இக்காலத்தில், இந்த உண்மையின் பாரதூரத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டியவர்களாக உள்ளோம்.

முன்னைய தலைமுறைகளில் வலையமைப்பின் மையப் பணிகளைப் பெரும்பாலும் அவற்றுக்கென உருவாக்கப்பட்ட தனித்தனி இயந்திரங்களே செய்தன. ஐந்தாம் தலைமுறையில் அப்பணிகள் சாதாரண சேவையகக் கணினிகளில் இயங்கும் மென்பொருட்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஒரே வலையமைப்பைக் கூறுகளாகப் பிரித்து, தொழிற்சாலைக்கு ஒன்று, வைத்தியசாலைக்கு ஒன்று என வழங்கவும் முடிகின்றது. இதனால் செலவு குறைகின்றது, வேகம் கூடுகின்றது. அதேவேளை, கணினிகளைத் தாக்கும் தீய மென்பொருட்கள் தொலைபேசி வலையமைப்பின் இதயத்தை எட்டுவதற்கான வழிகளும் பெருகுகின்றன. கூறுகளுக்கிடையிலான தடுப்பு முறையாக அமைக்கப்படாவிடின், ஒன்றினுள் நுழைந்தவர் மற்றையதையும் எட்டக்கூடும்.

புதிய தலைமுறையில் பாதுகாப்பு மேம்பட்டிருப்பதையும் மறுப்பதற்கில்லை. பாவனையாளரின் அடையாள இலக்கத்தை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி இதில் உண்டு. எனினும், பல நாடுகளில் ஐந்தாம் தலைமுறைச் சேவை நான்காம் தலைமுறையின் மையக் கட்டமைப்பிலேயே தங்கியிருக்கின்றது. அத்தகைய இடங்களில் இவ்வசதி பயன்படுவதில்லை.

2019 ஏப்ரலில் ஐந்தாம் தலைமுறைச் சேவையை ஆரம்பித்து உலகின் முன்னணியில் நின்ற நாடு தென்கொரியா. அந்நாட்டின் மிகப்பெரிய தொலைபேசி நிறுவனமான எஸ்.கே. டெலிகொம்மில் 2025 ஏப்ரலில் ஓர் ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 2 கோடி 30 இலட்சம் வாடிக்கையாளர்களின் சிம் அட்டைகளுடன் தொடர்புடைய தரவுகள் கசிந்திருந்தன. 28 சேவையகங்களில் 33 வகையான தீய மென்பொருட்கள் இருந்தமையும், முதல் ஊடுருவல் 2021ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தமையும் அரசாங்க விசாரணையில் தெரியவந்தன. 2022இல் ஒரு சேவையகத்தில் தொற்று இருந்ததை அறிந்த நிறுவனம், அதனை அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அதற்குச் சுமார் 134.8 பில்லியன் வொன் அபராதம் விதிக்கப்பட்டது.

இது தொலைபேசி நிறுவனமொன்றின் பிரச்சினைதானே என எண்ணிவிடலாகாது. சிம் அட்டையின் அங்கீகாரச் சாவி பிறர் கைக்குச் சென்றால், அந்த அட்டையின் பிரதியொன்றை உருவாக்க முயல முடியும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அப்போது உரியவரின் தொலைபேசிக்குப் பதிலாகக் கள்வனின் தொலைபேசிக்குச் செல்லக்கூடும். தனது கணினிகளை எவ்வளவு கவனமாகப் பாதுகாத்த வர்த்தகராயினும் இதனைத் தனித்து நின்று தடுக்க இயலாது.

தரவுத் திருட்டு ஒருபுறமிருக்க, சேவையே முடங்கும் ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பர் 12ஆம் திகதி உக்ரேனின் கியிவ்ஸ்டார் நிறுவனம் தாக்கப்பட்டபோது, சுமார் 2 கோடி 40 இலட்சம் வாடிக்கையாளர்கள் தொடர்பை இழந்தனர். மென்பொருளால் உருவாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மெய்நிகர் சேவையகங்கள் அழிக்கப்பட்டன. அவ்வலையமைப்பை நம்பியிருந்த வங்கி இயந்திரங்களும் கடைகளின் அட்டைக் கொடுப்பனவு இயந்திரங்களும் பல இடங்களில் செயலிழந்தன.

ஆகவே, நிறுவனங்கள் சில முன்னேற்பாடுகளைச் செய்துகொள்வது அவசியமாகும். பெருந்தொகைக் கொடுக்கல் வாங்கல்களுக்குக் குறுஞ்செய்திக் கடவுச்சொல்லை மட்டும் நம்பாது, தனியான அங்கீகாரச் செயலியையோ பாதுகாப்புச் சாவியையோ பயன்படுத்தலாம். வலையமைப்பில் இணைக்கப்படும் கண்காணிப்புக் கமெராக்கள், உணர்கருவிகள் போன்றவற்றின் ஆரம்பக் கடவுச்சொற்களை மாற்றி, அவற்றைக் கணக்கு வைத்திருக்கும் கணினிகளிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். வேறொரு நிறுவனத்தின் இணைப்பை மாற்று ஏற்பாடாக வைத்திருத்தல் நன்று. ஊடுருவல் நிகழின் எத்தனை மணித்தியாலத்திற்குள் தமக்கு அறிவிக்கப்படும் என்பதைத் தொலைபேசி நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்வதும் இன்றியமையாதது.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல்களை உரிய அதிகாரசபைக்கு அறிவிப்பதற்கான ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. அது ஏட்டளவில் நின்றுவிடலாகாது என்பதற்குத் தென்கொரிய அனுபவமே சான்று. மறைக்கப்பட்ட ஊடுருவல் மூன்று ஆண்டுகளின் பின்னர் கோடிக்கணக்கானோரின் பிரச்சினையாக உருவெடுத்தது. யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ கடை நடத்தும் ஒருவரும் இன்று தமது வங்கிக் கணக்கைத் தொலைபேசி இலக்கமொன்றை நம்பியே ஒப்படைத்துள்ளார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்புக்கூற வேண்டிய கடப்பாடு தொலைபேசி நிறுவனங்களுக்கும் ஒழுங்குறுத்தும் அமைப்புகளுக்கும் உண்டு என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.